வீடு மாற்றிய பின் பவளத் தொட்டி: அம்மோனியா சுழியம்தான், ஆனாலும் அக்ரோபோரா நுனிகள் வெளுக்கின்றன

அலைத்தொட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த 450 லிட்டர் பவளத் தொட்டியை மூன்று வாரங்களுக்கு முன் புதிய வீட்டுக்கு மாற்றினோம். நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிர்ப்பாறைகளைக் காற்றுப் படாமல், ஹீட்டரும் சிறிய பம்பும் வைத்த பீப்பாய்களில் நீருக்குள்ளேயே கொண்டுவந்தோம். பழைய நீரில் பாதியை எடுத்துவந்து, மீதிக்குப் புதிதாக உப்புக் கரைத்துச் சேர்த்தோம். பழைய மணல் முழுவதையும் விட்டுவிட்டுப் புதிய அராகனைட் மணல் போட்டோம். முதல் வாரத்தில் அம்மோனியா 0.5 பிபிஎம் வரை ஏறி, பாட்டில் பாக்டீரியா ஊற்றி ஒருமுறை நீர் மாற்றியதும் சுழியத்துக்கு இறங்கியது. மீன்கள் அனைத்தும் பிழைத்துவிட்டன.

அம்மோனியா அடங்கியதால், இந்த வாரத் தொடக்கத்தில், காரத்தன்மை, கால்சியம் கரைசல்களை அளந்து ஊற்றும் டோசிங் பம்பைப் பழைய வீட்டில் இருந்த அதே அளவில் மீண்டும் இயக்கினோம். விளக்கும் பழைய அட்டவணைப்படியே எரிகிறது. இப்போது அக்ரோபோராக்களின் (கிளைவிடும் கடினப் பவளங்கள்) நுனிகள் வெளுத்து, சிலவற்றில் நுனித் திசு இல்லாமல் எலும்புக்கூடு தெரிகிறது. டார்ச் பவளம் பாதிக்கு மேல் விரிவதில்லை. மணலின்மீது பழுப்புப் படலம் ஒன்று பகலில் குமிழ்களுடன் படர்கிறது.

இன்றைய அளவுகள்: உப்புத்தன்மை 35 பிபிடி, வெப்பம் 25.5 பாகை செல்சியஸ், பிஎச் 7.8, காரத்தன்மை (பெரும்பாலும் நீரில் உள்ள பைகார்பனேட்டின் அளவு) 11.4 டிகேஎச், கால்சியம் 450, மெக்னீசியம் 1340, நைட்ரேட் 1-க்கும் கீழ், பாஸ்பேட் 0.00. பழைய வீட்டில் காரத்தன்மை 8.2, கால்சியம் 430, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06 என்று மாதக்கணக்கில் நிலையாக இருந்தன, பிஎச் 8.2 வரை செல்லும். பாதி நீரை ஒரேயடியாக மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறோம். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

நத்தைத்தோழி எழுதியது:

என் கருத்தில் நீர் மாற்றுவதே நல்லது. இடமாற்றத்தின்போது இறந்த கடற்பஞ்சுகளும் புழுக்களும் பாறையின் இடுக்குகளில் அழுகிக்கொண்டிருக்கும். அம்மோனியாச் சோதனையில் தெரியாத கழிவுகளும் நீரில் இருக்கக்கூடும். பாதியை மாற்றி, நீரைச் சுத்திகரிக்கும் புதிய கரியும் போட்டுப் பாருங்கள். லெதர் பவளம் வைத்திருந்தால் கரி இன்னும் அவசியம், ஏனெனில் தொந்தரவுக்கு உள்ளாகும்போது அது நீரில் விடும் நச்சுப்பொருள்கள் பக்கத்துப் பவளங்களை வாட்டிவிடும்.

காரமானி எழுதியது:

கரி போடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பாதி நீரை மாற்றுவதற்கு முன், நீங்கள் கரைக்கும் உப்புநீரின் காரத்தன்மையைத் தனியாக அளந்து சொல்லுங்கள். பல உப்புக் கலவைகள் 11, 12 டிகேஎச் என்ற அளவில் வருகின்றன. அத்தகைய நீரை எவ்வளவு ஊற்றினாலும் உங்கள் 11.4 இறங்கப்போவதில்லை.

நீங்கள் கொடுத்த எண்களில் என் கண்ணில் முதலில் பட்டது காரத்தன்மைதான். காரத்தன்மை வேகமாக ஏறும்போது, குறிப்பாக நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியத்தை ஒட்டி இருக்கும்போது, அக்ரோபோராக்களில் முதலில் தெரிவது நுனிக் கருகல். பவளத்தின் எலும்புக்கூட்டு வளர்ச்சி நுனியில்தான் வேகமாக நடைபெறுகிறது. ஊட்டம் குறைந்த மெல்லிய திசுவால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

பழைய வீட்டில் உங்கள் தொட்டி நாளொன்றுக்கு எவ்வளவு காரத்தன்மையை உட்கொண்டது? அந்த அளவுக்குத்தான் பம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதிர்ச்சிக்கு உள்ளான பவளம் கூடு கட்டுவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும், பாறைமேல் படரும் ஊதாநிறக் கோரலைன் பாசியும் அப்படியே. உட்கொள்ளும் வாய்கள் மூடியிருக்க, ஊட்டும் கை மட்டும் பழைய வேகத்தில் இயங்குகிறது. இடமாற்றத்துக்குப் பின் பவளங்கள் இறக்கும்போது நாம் அம்மோனியாவையே சந்தேகிக்கிறோம். நான் பார்த்த அளவில் முதல் வாரத்தைத் தாண்டிப் பிழைத்தவற்றைக் கொல்வது பெரும்பாலும் பழைய அட்டவணைதான்.

அலைத்தொட்டி எழுதியது:

உப்புநீரைத் தனியாக அளந்தேன், 10.8 டிகேஎச் வருகிறது. பழைய வீட்டில் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1.2 டிகேஎச் உட்கொண்டது. அந்த அளவுக்கே பம்பை அமைத்திருந்தேன்.

காரமானி எழுதியது:

அப்படியானால் கணக்குப் பொருந்துகிறது. 8.2 உள்ள பழைய நீரும் 10.8 உள்ள புதிய நீரும் சரிபாதியாகக் கலந்தால் 9.5 வரும், இடையில் ஒருமுறை நீர் மாற்றியது அதை இன்னும் சற்று உயர்த்தியிருக்கும். மீதமுள்ள ஏற்றம் இந்த வாரம் பம்பு ஊற்றியது. எனவே பாதி நீரை மாற்றுவதால் உங்களுக்குக் காரத்தன்மையில் ஆதாயம் ஏதும் இல்லை, பவளங்களுக்கு இன்னொரு குலுக்கல்தான் மிஞ்சும்.

பம்பை நிறுத்துங்கள். காரத்தன்மை, கால்சியம் இரண்டுக்கான பம்புகளையும் முழுமையாக நிறுத்திவிட்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் காரத்தன்மையை அளந்து எழுதி வாருங்கள். அது இறங்கும் வேகமே உங்கள் தொட்டியின் இன்றைய உண்மையான உட்கொள்ளல். 8.5-ஐ நெருங்கும்வரை எதையும் ஊற்ற வேண்டாம்.

சம்ப்பறை எழுதியது:

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் காரத்தன்மையை ஒரே நாளில் 8.5-க்குக் கொண்டுவந்துவிடலாமே? பவளங்கள் கருகிக்கொண்டிருக்கும்போது ஒரு வாரம் காத்திருப்பது சரியா என்று ஐயமாக இருக்கிறது.

காரமானி எழுதியது:

வேதியியல்படி இயலும், ஆனால் இந்தத் தொட்டியில் நான் செய்யமாட்டேன். அமிலம் பைகார்பனேட்டைக் கரியமில வாயுவாக மாற்றும். பிஎச் ஏற்கெனவே 7.8-இல் இருக்கிறது. அதோடு, ஒரே நாளில் மூன்று டிகேஎச் இறங்குவதும் அதே அளவு ஏறியதைப் போன்ற அதிர்ச்சிதான். நாளுக்கு அரை டிகேஎச் அளவில் தானாக இறங்கினால் அதுவே போதுமான வேகம்.

உவர்நிலம் எழுதியது:

பிஎச் பற்றி ஒரு குறிப்பு. காரத்தன்மை 11.4 இருக்கும் நீரில் பிஎச் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே பழைய வீட்டைவிடக் குறைந்திருக்கிறது. இது அறைக் காற்றில் கரியமில வாயு மிகுந்திருப்பதற்கான அடையாளம். திறந்த வெளியில் 420 பிபிஎம் அளவில் இருக்கும் அந்த வாயு, சன்னல்கள் மூடிய அறையில் ஆட்கள் இருந்தால் 1000-ஐ எளிதாகத் தாண்டிவிடும்.

உறுதிசெய்ய எளிய வழி உண்டு. தொட்டி நீரை ஒரு கோப்பையில் எடுத்து, வீட்டுக்கு வெளியே வைத்து, காற்றுக்கல்லால் ஒரு மணி நேரம் குமிழவிட்டுப் பிஎச் பாருங்கள். நன்றாக ஏறினால் குற்றவாளி அறைக் காற்றுதான். அப்போது ஸ்கிம்மரின் (நீரில் காற்றுக் குமிழ்களைக் கலந்து கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) காற்றுக் குழாயை நீட்டிச் சன்னலுக்கு வெளியே விட்டால் போதும். பிஎச் ஏற்றும் பஃபர் பொடி எதையும் தயவுசெய்து போடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை காரத்தன்மையையும் சேர்த்தே ஏற்றுபவை.

சுவரில் புதிதாக வண்ணம் பூசியிருந்தால், ஸ்கிம்மர் அந்த வாடையையும் இழுத்து நீரில் கலக்கும் என்பதால் குழாயை வெளியே விடுவதற்கு இன்னொரு காரணமும் கிடைக்கிறது. இடையே ஒரு செய்தி: உங்கள் மீன்கள் அம்மோனியா ஏற்றத்தைத் தாங்கியதில் இந்தக் குறைந்த பிஎச்-க்கும் பங்கிருக்கலாம். மொத்த அம்மோனியாவில் நச்சுத்தன்மை மிக்க வடிவத்தின் பங்கு, பிஎச் 8.2-இல் இருப்பதைவிட 7.8-இல் பாதிக்கும் கீழே.

கடல்முள்ளி எழுதியது:

நுனி வெளுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்னும் கூர்ந்து பார்த்துச் சொல்லுங்கள், ஏனெனில் நான்கு வெவ்வேறு நோய்க்குறிகளை நாம் "வெளுத்துவிட்டது" என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். திசு கண்ணாடிபோல் இருந்து, பாலிப்புகள் (பவளத்தின் சிறு உயிரலகுகள்) இன்னும் நீட்டிக்கொண்டிருந்தால் அது உண்மையான வெளிறல். கூட்டுயிர்ப் பாசியை இழந்திருக்கிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது. நுனியில் மட்டும் திசு போயிருந்தால் காரமானி சொல்லும் கருகல். அடியிலிருந்து மெல்ல மேலேறிக்கொண்டு திசு உரிந்தால் அது மெதுவான திசு அழிவு. சில மணி நேரங்களில் கொத்துக் கொத்தாக உரிந்து மிதந்தால் விரைவான திசு அழிவு. அந்தத் துண்டில் காத்திருக்கக் கூடாது, நலமாக உள்ள கிளைகளை உடனே வெட்டித் தனியே ஒட்ட வேண்டும்.

டார்ச் பவளத்தையும் நாள்தோறும் பாருங்கள். தலைகளில் ஏதேனும் ஒன்றில் பழுப்புநிறக் கூழ் போன்ற கசிவு தெரிந்தால், பம்புகளை நிறுத்தி, அந்தக் கூழை உறிஞ்சியெடுத்து, பாதித்த தலையைப் பிரித்து, அயோடின் குளியல் கொடுக்க வேண்டும். கூழ் நீரோட்டத்தில் பரவினால் மற்றத் தலைகளும் போய்விடும்.

விளக்கு பற்றி யாரும் பேசவில்லை. நீரில் பாதி புதியது, அதில் மஞ்சள் சாயம் இல்லை. கரி போட்டால் மிச்சமும் போய்விடும். அடியில் புதிய வெண்மணல் ஒளியைத் திருப்பியடிக்கிறது. ஆகவே விளக்கின் விழுக்காடு மாறாவிட்டாலும் பவளங்களுக்குக் கிடைக்கும் ஒளி முன்பைவிடக் கூடுதல். நான் என்றால் உச்ச அளவில் ஏறத்தாழ பாதிக்குக் குறைத்து, நான்கைந்து வாரங்களில் படிப்படியாக ஏற்றுவேன்.

அலைத்தொட்டி எழுதியது:

பார்த்தேன். பெரும்பாலானவை நுனிக் கருகல்தான். இரண்டு அக்ரோபோராக்களில் மட்டும் அடியிலிருந்தும் உரிகிறது. டார்ச்சில் கூழ் இல்லை. விளக்கைப் பாதியாகக் குறைத்துவிட்டேன், டோசிங் பம்புகளையும் நிறுத்திவிட்டேன். கோப்பை நீரின் பிஎச் வெளியே வைத்ததும் 8.2-ஐத் தாண்டியது, ஸ்கிம்மர் குழாயை இன்று சன்னலுக்கு வெளியே விடுகிறேன்.

பாஸ்பேட் ஏன் சுழியம் என்பதுதான் புரியவில்லை. பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜிஎஃப்ஓ (இரும்பு ஆக்சைடு) ரியாக்டரில் குருணை மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றாலும், முன்பு இவ்வளவு இறங்கியதே இல்லை. மேலும், பாலிதோவா (கொத்தாகப் படரும் பவளவகை உயிரி) மிகுதியாகப் படர்ந்த ஒரு பாறை இருக்கிறது. இந்தச் சந்தர்ப்பத்தில் அதை வெளியே எடுத்து வெந்நீரில் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்துவிடலாம் என்று எண்ணுகிறேன்.

உவர்நிலம் எழுதியது:

அந்தப் பாறையை வெந்நீரில் போடாதீர்கள். மற்றவை எல்லாம் பிறகு.

பாலிதோவா, சோவாந்தஸ் இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் நஞ்சு உண்டு. உயிரினங்கள் உருவாக்கும் நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று அது. சூடு அதை எளிதில் அழிப்பதில்லை. அத்தகைய பாறையைக் கொதிக்கவைத்தும் வெந்நீரில் தேய்த்தும் எழுந்த ஆவியைச் சுவாசித்து, குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் பலர். வீட்டு நாய்களும் பாதிக்கப்பட்டிருக்கின்றன. வெந்நீர், நீராவி, உயரழுத்த நீர்ப்பீச்சி, தூரிகை, இயந்திர வாள் எதுவும் கூடாது. பாறையை அகற்றியே தீர வேண்டுமென்றால் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, முழுப் பாறையையும் நீரோடு ஒரு வாளிக்கு மாற்றி அப்படியே வெளியேற்றுங்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் அந்த வேலையைத் தொடவே வேண்டாம். பாறையைக் கையாண்ட பின் மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் சென்று பாலிடாக்சின் என்ற பெயரைச் சொல்லுங்கள்.

அலைத்தொட்டி எழுதியது:

இது எனக்குத் தெரியாத செய்தி. பாறை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

காரமானி எழுதியது:

பாஸ்பேட் கேள்விக்கு வருகிறேன். அராகனைட் மணல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது; அதன் மேற்பரப்பு பாஸ்பேட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பழைய மணல் பல ஆண்டுகளில் நிறைந்துவிட்டதால் நீரோடு சமநிலையில் இருந்தது. புதிய மணலோ வெறுமையாக வந்திருக்கிறது, நிறையும்வரை உறிஞ்சும். அதற்குமேல் புதிய குருணையும் சேர்ந்தால் 0.00 வருவதில் வியப்பில்லை.

பழைய மணலை விட்டுவந்ததை நான் குறை கூறவில்லை. நான்காண்டு மணலைக் கிளறி, அலசாமல் மீண்டும் போட்டால் தேங்கிய கழிவு அம்மோனியாவாகவும், ஆழமான படுகையாக இருந்தால் அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடாகவும் வெளிவரும். மீன்களைக் காப்பாற்றியது உங்கள் அந்த முடிவுதான் என்பேன். அதற்கான விலை இந்தப் பாஸ்பேட் பற்றாக்குறை.

ஜிஎஃப்ஓ-வை இன்றே கழற்றுங்கள். மீன்களுக்கு இன்னும் ஒரு வேளை கூடுதலாக உணவிடுங்கள். அம்மோனியாவை மட்டும் இடையிடையே பார்த்துக்கொள்ளுங்கள். நைட்ரேட் 5-ஐச் சுற்றியும் பாஸ்பேட் 0.03-க்குக் குறையாமலும் நிற்கட்டும். உணவால் மட்டும் ஏறாவிட்டால் நைட்ரேட், பாஸ்பேட் கரைசல்களை அளந்து ஊற்றலாம், ஆனால் மணல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால் பாஸ்பேட் சில வாரங்கள் போக்குக்காட்டும்.

நத்தைத்தோழி எழுதியது:

மணலில் உள்ள பழுப்புப் படலம் டயாட்டமாக (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி) இருக்கலாம் என்று நினைக்கிறேன். புதிய மணலிலிருந்து சிலிக்கேட் கசிவதால் எல்லாத் தொட்டிகளிலும் வருவதுதான்; தானே போய்விடும். என் நத்தைகளுக்கு அது விருந்து.

கடல்முள்ளி எழுதியது:

டயாட்டமாக இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியம், பகலில் குமிழ்கள் என்ற இரண்டும் சேர்ந்தால் டைனோஃபிளாஜெல்லேட்டாக (சுருக்கமாக டைனோ, ஒருசெல் நுண்ணுயிர்) இருக்கக்கூடும் என்று ஐயப்படவே வேண்டும். மற்றப் பாசிகளும் பாக்டீரியாவும் ஊட்டமின்றி ஒதுங்கும் இடத்தில்தான் டைனோ தலையெடுக்கிறது.

படலத்தைச் சிறிது நீரோடு உறிஞ்சி ஒரு குப்பியில் போட்டு நன்றாகக் குலுக்கி, வடிதாளில் வடிகட்டி, வடிந்த தெளிநீரை விளக்கின்கீழ் ஒரு மணி நேரம் வையுங்கள். நீரில் மீண்டும் நூல்நூலாகத் திரண்டால் டைனோ. இனத்தை அறிய 400 மடங்கு பெருக்கும் நுண்ணோக்கி தேவை. துளி வடிவில், ஒரு புள்ளியில் கட்டிப்போட்டதுபோல் சுழன்றால் ஆஸ்ட்ரியாப்சிஸ். முட்டை வடிவில் ஊர்ந்து திரிந்தால் ஆம்பிடினியம். இந்த வேறுபாடு முக்கியம். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் மணலை விட்டு நீரில் மிதப்பதால், நீரைக் கடத்திக் கிருமிகளைக் கொல்லும் புறஊதா (யுவி) விளக்கில் சிக்கும். பெரிய செல் ஆம்பிடினியம் மணலைவிட்டு அகல்வதில்லை. அதற்கு யுவி வாங்குவது வீண்செலவு, சிலிக்கேட் ஊற்றி டயாட்டமை வளர்த்து அதோடு போட்டியிடவிடுவதே பலரும் கையாளும் வழி.

இன்னொன்று, நத்தைத்தோழி அவர்களுக்கு: ஆஸ்ட்ரியாப்சிஸை மேய்ந்த நத்தைகள் அதன் நஞ்சால் இறப்பதுண்டு. அடையாளம் தெரியும்வரை புதிய நத்தைகளை விட வேண்டாம்.

அலைத்தொட்டி எழுதியது:

வடிதாள் சோதனையில் மீண்டும் திரண்டது. ஒரு நண்பரின் நுண்ணோக்கியில் பார்த்தபோது துளி வடிவில், இடத்தைவிட்டு அகலாமல் சுழன்றன. இரவில் படலம் ஏறத்தாழ மறைந்துவிடுவதையும் கவனித்தேன். யுவி எவ்வளவு வாட் வேண்டும்? இதற்கிடையே டாங் மீனின் உடலில் வெண்புள்ளிகள் சில நாள் தெரிந்து, இன்று காணவில்லை.

கடல்முள்ளி எழுதியது:

அப்படியானால் ஆஸ்ட்ரியாப்சிஸ். டைனோவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஏறத்தாழ 12 லிட்டருக்கு 1 வாட். உங்களுக்கு 40 வாட் அளவில் வரும். சம்ப்பில் (கீழுள்ள வடிகட்டித் தொட்டி) வைக்காமல், தொட்டியிலிருந்தே நீரை எடுத்துத் தொட்டிக்கே திரும்பும்படி அமையுங்கள். இரவில் மிதப்பவை சம்ப்பை எட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இறக்கும் டைனோக்கள் விடும் நஞ்சுக்காகக் கரியை இந்த நாள்களில் அடிக்கடி மாற்றுங்கள். ஊட்ட அளவுகள் உயராமல் யுவி மட்டும் ஓடினால், அணைத்ததும் திரும்பி வந்துவிடும்.

வெண்புள்ளி மறைந்ததை நலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி மீனின் உடலில் சில நாள்களே தங்கும். பிறகு உதிர்ந்து, பாறையிலும் மணலிலும் கூடுகட்டிப் பெருகி, முன்பைவிட அதிகமாகத் திரும்பும். செம்பு மருந்து பவளத் தொட்டியில் கூடவே கூடாது. முதுகெலும்பில்லா உயிர்கள் அனைத்தையும் அது அழித்துவிடும். மீண்டும் புள்ளிகள் தோன்றினால் மீன்கள் எல்லாவற்றையும் தனித்தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

சம்ப்பறை எழுதியது:

ஆர்ஓ நீரையும் பாருங்கள். வீடு மாறியதால் குழாய்நீரும் மாறியிருக்கும். டிடிஎஸ் (கரைந்த திடப்பொருள்) மானியில் சுழியம் வருகிறதா? புதிய இடத்தில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த நீர் வந்தால் சாதாரணக் கரிப்பகுதி அதற்குப் போதாமல் போகலாம்.

அலைத்தொட்டி எழுதியது:

டிடிஎஸ் சுழியம்தான், குளோரின் சோதனையும் செய்துவிட்டேன்.

சில வாரங்கள் கடந்துவிட்டன, இப்போதைய நிலவரம் இது. பம்புகளை நிறுத்திய பின் காரத்தன்மை நாளுக்கு 0.4 அளவில் இறங்கி, 8.4-ஐ எட்டியதும் கையால் அளந்து ஊற்றி அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். பிஎச் இப்போது பகலில் 8.1. நைட்ரேட் 6, பாஸ்பேட் 0.04. யுவி ஓடத் தொடங்கிய பின் மணல் வெளுத்துவிட்டது, கண்ணாடியில் பச்சைப் பாசி படிகிறது. அடியிலிருந்து உரிந்த இரண்டு அக்ரோபோராக்களில் ஒன்று முழுதாகப் போய்விட்டது; மற்றதிலிருந்து வெட்டி ஒட்டிய மூன்று துண்டுகள் பாலிப் நீட்டுகின்றன. டார்ச் முழுதாக விரிகிறது. டாங் மீனில் புள்ளிகள் திரும்பவில்லை, ஆனாலும் தனித்தொட்டியைத் தயாராக வைத்திருக்கிறேன். டோசிங் பம்பை எப்போது, எந்த அளவில் மீண்டும் தொடங்கலாம்?

காரமானி எழுதியது:

கண்ணாடியில் பச்சைப் பாசி படிவதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன், துடைத்துவிட்டுப் போங்கள்.

பம்பை இன்றே தொடங்கலாம், நாளுக்கு 0.4 டிகேஎச் என்ற அளவில். பழைய 1.2 என்ற எண்ணைப் பம்பின் நினைவிலிருந்து அழித்துவிடுங்கள். வாரம் இருமுறை அளந்து, காரத்தன்மை இறங்கியிருந்தால் மட்டும் அந்த இறக்கத்தின் அளவுக்குக் கூட்டுங்கள், ஏறியிருந்தால் குறையுங்கள். கால்சியத்தைத் தனியாகத் துரத்த வேண்டாம், ஒவ்வொரு 2.8 டிகேஎச்-க்கும் 20 பிபிஎம் என்ற விகிதத்தில் அது கூடவே செல்லும். நீர் மாற்றும்போது உங்கள் உப்பு 10.8 என்பதை மறவாமல், ஒருமுறைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். அவ்வளவில் ஏற்றம் 0.25-க்குள் அடங்கிவிடும்.

உட்கொள்ளல் 0.6-ஐத் தாண்டினால், கண்ணுக்கு வளர்ச்சி தெரியாவிட்டாலும், பவளங்கள் கூடு கட்டத் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம். விளக்கை 50 விழுக்காட்டிலிருந்து ஏற்றுவதை அதற்குப் பிறகு தொடங்குங்கள், வாரத்துக்கு 5 விழுக்காடு வீதம். விளக்கை ஏற்றும் வாரத்தில் உட்கொள்ளலும் கூடும் என்பதால் அந்த நாள்களில் மட்டும் காரத்தன்மையை ஒருநாள் விட்டு ஒருநாள் அளவிடுங்கள். புதிய அக்ரோபோரா வாங்கும் எண்ணம் இருந்தால், விளக்கு பழைய அளவை எட்டி, உட்கொள்ளல் ஒரு மாதம் ஒரே நிலையில் நின்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.